இலவச மென்பொருளுக்குப் பின்னால் இருப்பவர்கள் யார்?

இந்த இதழில் திறமூலத் தரவுத்தளங்களைப் பற்றிய, அதாவது நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தந்து வெளியிடப்படும் தரவுச் சேமிப்பு மென்பொருள்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வந்து சேர்ந்தவற்றில் பல, வெவ்வேறு சொற்களில் ஒரே கவலையைத் தாங்கியிருந்தன: இவற்றை எழுதுபவர்கள் யார், அவர்களுக்குச் சம்பளம் தருவது யார், நாளைக்கும் இவை இதே நிபந்தனையில் கிடைக்குமா என்பதே அந்தக் கவலை.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் கணக்குகள் அனைத்தும் கட்டணத் தரவுத்தளம் ஒன்றில் இருக்கின்றன. உரிமக் கட்டணம் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போவதால், திறமூலத்துக்கு மாறிவிடலாம் என்று கணினிப் பிரிவினர் சொல்கிறார்கள். காசு வாங்காமல் கொடுக்கும் ஒன்றை நம்பிக் கணக்குகளை ஒப்படைக்கலாமா? (ஒரு கணக்கு மேலாளர்)

பதில்: ஒப்படைக்கலாம். உங்களை அறியாமலே ஏற்கெனவே ஒப்படைத்தும் இருக்கிறீர்கள். கையில் வைத்திருக்கும் கைப்பேசியில் குறுஞ்செய்திகளும் தொடர்பு எண்களும் பெரும்பாலும் எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளத்தில்தான் சேமிக்கப்படுகின்றன. ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய அந்த மென்பொருளுக்கு வழக்கமான உரிமம்கூடக் கிடையாது. பதிப்புரிமையையே துறந்து அதைப் பொதுச்சொத்தாக விட்டிருக்கிறார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே அதைப் பராமரிக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதைச் சோதிக்கும் முறையைப் பார்த்தால் விலைக்கும் தரத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை என்பது விளங்கும். மென்பொருளின் நிரல் எத்தனை வரிகளோ, அதைப்போல ஏறத்தாழ 590 மடங்கு வரிகள் அதைச் சோதிப்பதற்காக மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும், நினைவகம் தீர்ந்துபோனால் என்ன ஆகும், வட்டு பிழை தந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் வேண்டுமென்றே நிகழ்த்திப் பார்க்கிறார்கள். 2050ஆம் ஆண்டு வரை ஆதரவு தரும் நோக்கத்துடன் பணியாற்றுவதாகவும் அறிவித்திருக்கிறார்கள்.

உங்கள் கணக்குகளுக்கு எஸ்கியூலைட் பொருந்துமா என்பது வேறு கேள்வி. ஒரே சமயத்தில் பலர் எழுதும் இடத்தில் போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்கியூஎல் போன்ற சர்வர் வகைத் தரவுத்தளமே ஏற்றது. அங்கே மறக்கக் கூடாத ஒன்று உண்டு: விலை இல்லை என்பதால் செலவும் இல்லை என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. இப்போது உரிமத்துக்குக் கட்டும் தொகையில் ஒரு பகுதியையாவது, தரவுத்தளத்தை அறிந்த ஓர் ஆளுக்கோ, ஆதரவு ஒப்பந்தம் தரும் ஒரு நிறுவனத்துக்கோ ஒதுக்கியாக வேண்டும். அந்தத் தொகையையும் மிச்சம் என்று எழுதிக்கொள்ளும் நிறுவனங்கள், முதல் சர்வர் பழுதாகும் நாளில் ஆளைத் தேடி அலைகின்றன. மாறுவதற்கு ஆகும் உழைப்பையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். தரவுகளை எடுத்துச் செல்வது எளிது. பழைய தரவுத்தளத்துக்கே உரிய மொழியில் எழுதி அதற்குள் வைத்திருக்கும் செயல்முறைகளைத் திருத்தி எழுதுவதுதான் மாதக்கணக்கில் நேரத்தை விழுங்கும்.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் எந்த நிறுவனத்துக்குச் சொந்தம்? எங்கள் பேராசிரியர் “யாருக்கும் சொந்தமில்லை” என்றார். யாருக்கும் சொந்தமில்லாத ஒன்று எப்படி இத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்க முடியும்? (ஒரு கல்லூரி மாணவி)

பதில்: உங்கள் பேராசிரியர் சொன்னது சரி. நிலைத்திருப்பதற்கான காரணத்தின் பெரும்பகுதியும் அதுதான் என்பது என் துணிபு.

அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம் அது. முன்னர் அவர் உருவாக்கிய இங்கிரஸ் என்னும் தரவுத்தளத்துக்குப் பின் வந்தது என்பதால் ‘போஸ்ட்கிரெஸ்’ என்று பெயரிட்டார்கள். பல்கலைக்கழகம் திட்டத்தை முடித்துக்கொண்ட காலத்தில், ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கப் பயன்படும் எஸ்கியூஎல் மொழியை அதற்குப் புகட்டினார்கள். 1996இல் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்த தன்னார்வலர்கள் அதை ஏற்று, போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று பெயர் சூட்டித் தொடர்ந்தார்கள். உங்களைப் போன்ற மாணவர்களின் கையில் அது ஒருமுறை உயிர் பெற்றது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் உரிமம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். பதிப்புரிமைக் குறிப்பை நீக்காமல் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். பல நிறுவனங்கள் அப்படி எடுத்துத் தங்கள் பெயரில் விற்கின்றன. அதை யாரும் குற்றமாகக் கருதுவதில்லை. பங்களித்தவர்கள் தம் பதிப்புரிமையை எந்த நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆகவே நாளைக்கு ஒரு நிறுவனம் எழுந்து, “இனி இது எங்கள் நிபந்தனைப்படி மட்டுமே” என்று சொல்ல வழியே இல்லை. நூற்றுக்கணக்கானோரின் எழுத்து அதில் கலந்திருக்கிறது.

எழுதுபவர்கள் பட்டினி கிடந்து எழுதுவதாகவும் நினைத்துவிடாதீர்கள். முதன்மைப் பங்களிப்பாளர்களில் மிகப் பலர், ஒன்றுக்கொன்று போட்டியாக இருக்கும் பல நிறுவனங்களில் சம்பளத்துக்குப் பணியாற்றுகிறார்கள். அந்த வேலையின் ஒரு பகுதியே போஸ்ட்கிரெஸை வளர்ப்பது. போட்டியாளர்கள் ஒரே களத்தில் நின்று ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்ப்பதுதான் இதன் சிறப்பு. ஒருவர் ஒரு திருத்தத்தை எழுதினால், அதை மின்னஞ்சல் குழுவுக்கு எல்லாரும் பார்க்க அனுப்புகிறார். ஆண்டுக்குச் சில முறை, ஒரு மாத அளவில், வந்து குவிந்த திருத்தங்களை அமர்ந்து சரிபார்க்கும் காலம் ஒன்றை ஒதுக்குகிறார்கள். மூலநிரலில் நேரடியாகச் சேர்க்கும் உரிமை 30 பேர் அளவிலான ஒரு சிறு கூட்டத்திடம் மட்டுமே இருக்கிறது. ஒரு திருத்தம் பலமுறை திருப்பி அனுப்பப்பட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருந்து உள்ளே போவதும் உண்டு. பொறுமை இல்லாதவர்களுக்கு இது வேதனையாக இருக்கும். தரவுகளைப் பாதுகாக்கும் மென்பொருளுக்கு இந்த நிதானம் வேண்டியதே என்பேன்.

இரண்டு நிகழ்ச்சிகளைச் சொன்னால் இந்த அமைப்பின் வலிமை புரியும். 2000ஆம் ஆண்டில் கிரேட் பிரிட்ஜ் என்ற நிறுவனம் போஸ்ட்கிரெஸை வணிகமாக்கும் நோக்கத்துடன் தொடங்கப்பட்டு, முக்கியமான நிரலாளர்கள் சிலரை வேலைக்கு அமர்த்தியது. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் மூடப்பட்டது. நிரலாளர்கள் வேறு நிறுவனங்களுக்குப் போனார்கள். மென்பொருள் இருந்த இடத்திலேயே இருந்து வளர்ந்தது. 2020இல் எண்டர்பிரைஸ்டிபி என்ற நிறுவனம் செகண்ட்குவாட்ரன்ட் என்ற நிறுவனத்தை வாங்கியபோது, திட்டத்தை வழிநடத்தும் மையக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே நிறுவனத்தின் ஊழியர்களாகிவிட்டார்கள். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அக்குழுவின் நெடுநாள் மரபு. அவர்கள் அதை வெளிப்படையாக அறிவித்து, வேறு நிறுவனங்களில் பணியாற்றும் இருவரைக் குழுவில் சேர்த்து விகிதத்தைச் சரிசெய்தார்கள். எழுதி வைக்கப்படாத ஒரு மரபை, மீறுவதற்கு எல்லா வசதியும் இருந்த நேரத்தில் காப்பாற்றினார்கள் என்பதால் அந்த நிகழ்ச்சி என் மனத்தில் நின்றுவிட்டது.

கேள்வி: மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டும் ஒன்றுதான் என்கிறார்களே, உண்மையா? (இணையத்தளங்கள் அமைத்துத் தரும் ஒருவர்)

பதில்: ஒரு காலத்தில் உண்மை, இப்போது இல்லை. மைஎஸ்கியூஎல், மைக்கேல் விடேனியஸ், டேவிட் ஆக்ஸ்மார்க், ஆலன் லார்சன் ஆகிய மூவர் சுவீடனில் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பு. போஸ்ட்கிரெஸுக்கு நேர்மாறாக, இதில் பதிப்புரிமை முழுவதும் நிறுவனத்தின் கையில் இருந்தது. அதனால்தான் ஒரே மென்பொருளை ஒருபுறம், மாற்றி வெளியிடுபவரும் தம் நிரலைத் திறந்தே தர வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் எல்லாருக்கும் இலவசமாகவும், மறுபுறம் தன் நிரலை வெளியிட விரும்பாத நிறுவனங்களுக்குக் கட்டண உரிமத்திலும் தர முடிந்தது. வணிகமாகப் பார்த்தால் இது மிகவும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் ஒருவரிடம் இருப்பதை இன்னொருவர் வாங்கிவிட முடியும். 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2010 ஜனவரியில் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கி முடித்தது. கட்டணத் தரவுத்தளச் சந்தையின் முதல்வரிசை நிறுவனத்தின் கைக்கு, இலவசப் போட்டியாளர் போய்ச் சேர்ந்தது.

அந்த மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தபோதே, 2009இல், விடேனியஸ் ஜிபிஎல் உரிமம் தந்த உரிமையைப் பயன்படுத்தி மூலநிரலின் ஒரு பிரதியைத் தனியே கிளைக்கச் செய்தார். முதல் படைப்புக்கு மூத்த மகள் மையின் பெயரை வைத்ததுபோல, இதற்கு இளைய மகள் மரியாவின் பெயரை வைத்தார். தொடக்க ஆண்டுகளில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தால் எதுவும் தெரியாது. இன்று ஜேசான் என்னும் உரை வடிவத் தரவுகளைச் சேமிக்கும் முறையிலிருந்து, ஒரு சர்வரின் மாற்றங்களை இன்னொன்றுக்கு அனுப்பும் முறை வரை இரண்டும் வேறுபட்டுவிட்டன. மைஎஸ்கியூஎல் 8.0இன் தரவுக் கோப்புகளை அப்படியே மரியாடிபிக்குக் கொடுத்தால் அது ஏற்காது. தரவுகளை வெளியே எடுத்துத்தான் மீண்டும் ஏற்ற வேண்டும். உங்கள் வாடிக்கையாளரிடம் “இரண்டும் ஒன்றே” என்று சொல்லிவிட்டு இடம் மாற்றத் தொடங்காதீர்கள்.

கேள்வி: முதலில் இலவசமாகக் கொடுத்துப் பழக்கிவிட்டு, ஊர் உலகமெல்லாம் பயன்படுத்தத் தொடங்கியதும் உரிமத்தை மாற்றுகிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா? (ஒரு மென்பொருள் பொறியாளர்)

பதில்: உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அவர்கள் தரப்பில் ஒரு நியாயம் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நிறுவனம் முதலீட்டாளர்களிடம் பணம் பெற்று, நூறு பொறியாளர்களை வைத்து ஒரு தரவுத்தளத்தை எழுதித் திறமூலமாக வெளியிடுகிறது. அதை நிறுவி, பராமரித்து, வாடகைச் சேவையாகத் தருவதில்தான் அது வருமானத்தை எதிர்பார்க்கிறது. ஆனால் அதே மென்பொருளை எடுத்து, அதே சேவையை, ஏற்கெனவே பல்லாயிரம் வாடிக்கையாளர்களை வைத்திருக்கும், இணையம் வழியே சர்வர்களை வாடகைக்கு விடும் பெரிய கிளவுட் நிறுவனம் தன் பட்டியலில் இன்னொரு வரியாகச் சேர்த்துவிடுகிறது. உரிமம் அதற்கு இடம் தருகிறது. எழுதியவர் செலவு செய்ய, வாடகைக்கு விட்டவர் வருமானம் பார்க்கிறார்.

இதற்கு மறுவினையாக, மாங்கோடிபி என்ற தரவுத்தளம் 2018 அக்டோபரில் எஸ்எஸ்பிஎல் என்ற புதிய உரிமத்துக்கு மாறியது. மாங்கோடிபியைச் சேவையாகத் தருபவர் அந்தச் சேவையை நடத்தத் தாம் எழுதிய நிரல் முழுவதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பது அதன் சாரம். நடைமுறையில் எந்தக் கிளவுட் நிறுவனமும் அதைச் செய்யாது. செய்யாதிருக்க வேண்டும் என்பதே நோக்கம். திறமூல உரிமங்களை அங்கீகரிக்கும் அமைப்பு அதை அங்கீகரிக்கவில்லை. சில மாதங்களிலேயே, மாங்கோடிபியின் நிரலை எடுக்காமல் அதன் வெளிமுகத்தோடு மட்டும் ஒத்துப்போகும் தனிச் சேவையை அமேசான் வெளியிட்டது. 2021இல் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் இதே வழியில் போனபோது, பழைய உரிமத்தில் இருந்த கடைசிப் பதிப்பிலிருந்து ஓப்பன்சர்ச் என்ற கிளை முளைத்தது.

தரவுகளை நினைவகத்தில் வைத்து விரைவாகத் தரும் ரெடிஸ் என்ற தரவுத்தளத்தின் கதையைத்தான் நான் மன்னிக்கத் தயங்குகிறேன். சால்வட்டோரே சான்ஃபிலிப்போ 2009இல் வெளியிட்ட அந்த மென்பொருள், கட்டுப்பாடுகள் மிகக் குறைந்த பிஎஸ்டி உரிமத்தில் இருந்தது. அதை வைத்துத் தொழில் நடத்திய நிறுவனம் 2018இல் சில துணைக்கருவிகளின் உரிமத்தை மட்டும் மாற்றியபோது, மையப் பகுதி என்றும் பிஎஸ்டி உரிமத்திலேயே இருக்கும் என்று உறுதி கூறியது. 2024 மார்ச் 20 அன்று அந்த உறுதி கைவிடப்பட்டது. நிறுவனத்துக்கு வெளியே இருந்தும் பலர் ஆண்டுக்கணக்கில் அதற்காக உழைத்திருந்தார்கள். தங்கள் உழைப்பு எந்த நிபந்தனையில் வெளிவரும் என்று நம்பிக் கொடுத்தார்களோ, அந்த நிபந்தனை அவர்களைக் கேட்காமலே மாறியது. உழைப்பின் மீது நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறதா என்பதைச் சட்டம் சொல்லும். சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதைப் பயனர்கள் சொன்னார்கள். எட்டு நாள்களுக்குள், பராமரிப்பாளர்களாக இருந்த சிலர் லினக்ஸ் அறக்கட்டளையின் நிழலில் வால்கீ என்ற கிளையைத் தொடங்கினார்கள். அமேசான், கூகுள், ஆரக்கிள் முதலியவை அதற்குத் துணைநின்றன. 2025 மே மாதம் ரெடிஸ் நிறுவனம், ஏஜிபிஎல் என்ற அங்கீகரிக்கப்பட்ட திறமூல உரிமத்தையும் ஒரு தெரிவாகச் சேர்த்தது. எலாஸ்டிக்சர்ச் அதற்கு முன்பே, 2024இல், அதே உரிமத்தைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. இரண்டும் திரும்பி வந்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் கிளைகள் போய்விட்டன. கிளைத்துப் போனவர்கள் திரும்பவில்லை.

ஒரு பொறியாளராக நீங்கள் செய்யக்கூடியது இதுதான்: ஒரு தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் வேகத்தை அளப்பதற்குச் செலவிடும் நேரத்தில் கால் பங்கை, பதிப்புரிமை யாரிடம் இருக்கிறது, பெயரின் வணிகக்குறி யாரிடம் இருக்கிறது, பங்களிப்பவர்கள் எத்தனை நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் என்று பார்ப்பதற்குச் செலவிடுங்கள். பங்களிக்கும் முன் கையொப்பமிடச் சொல்லும் ஒப்பந்தத்தில், உரிமத்தை மாற்றும் அதிகாரம் நிறுவனத்துக்குத் தரப்பட்டிருந்தால், அந்த அதிகாரம் ஒருநாள் பயன்படுத்தப்படலாம் என்று எண்ணிக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: உரிமத்தை மாற்றாமலே இந்தத் தொழிலில் பிழைக்க முடியாதா?

பதில்: முடிகிறது. ஆதரவு ஒப்பந்தம், பயிற்சி, வாடகைச் சேவை ஆகியவற்றை மட்டுமே விற்றுப் பல போஸ்ட்கிரெஸ் நிறுவனங்கள் பல்லாண்டுகளாக நடக்கின்றன. எஸ்கியூலைட் குழுவினர் மென்பொருளைப் பொதுச்சொத்தாக விட்டுவிட்டு, தங்கள் சோதனைத் தொகுதிகளில் ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டு அதற்கு உரிமம் விற்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் ஆண்டுக் கட்டணம் செலுத்தும் கூட்டமைப்பு ஒன்றையும் நடத்துகிறார்கள். இந்த வழிகளில் கிடைக்கும் வருமானம் நிதானமானது. நான்கைந்து ஆண்டுகளில் பங்குச் சந்தைக்குப் போக வேண்டும் என்று முதலீடு பெற்ற நிறுவனத்துக்கு அந்த நிதானம் கட்டுப்படியாவதில்லை; சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: கட்டண மென்பொருளில் கோளாறு என்றால் விற்றவரைப் பிடித்துக் கேட்கலாம். திறமூலத்தில் நள்ளிரவில் யாரிடம் போய் நிற்பது? எனக்கு சி மொழி தெரியாது. மூலநிரலைத் திறந்து பார்த்தாலும் ஒன்றும் புரியாது. (ஒரு தரவுத்தள நிர்வாகி)

பதில்: எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். முன்பு நான் பணியாற்றிய இடத்தில், ஒரு திங்கட்கிழமை காலையில் போஸ்ட்கிரெஸ் சர்வரின் வட்டு நிறைந்துபோகும் நிலைக்கு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஏறத்தாழ 40 ஜிபி இருந்த ஓர் அட்டவணை, மூன்று மடங்குக்கு மேல் வீங்கியிருந்தது. ஆனால் பதிவுகளை எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை கூடவே இல்லை.

பயனர் குழுவில் கேள்வியை எழுதி அனுப்பினேன். அரை மணி நேரத்துக்குள், நான் முன்பின் அறியாத ஒருவர் ஒரே ஒரு வினவலை, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை, அனுப்பி, அதன் விடையை ஒட்டச் சொன்னார். தற்போது சர்வரோடு இணைந்திருப்பவர்களின் பட்டியலை, அவர்களின் பரிவர்த்தனை (ஒன்றாகவே முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) தொடங்கிய நேரத்தின்படி அடுக்கிக் காட்டும் வினவல் அது. பட்டியலின் முதல் வரியில் ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ (பரிவர்த்தனை முடியாமல் சும்மா நிற்பது) என்ற நிலையில், வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குத் தொடங்கிய இணைப்பு ஒன்று நின்றிருந்தது. எங்கள் சக ஊழியர் ஒருவர் ஒரு பதிவைத் திருத்திவிட்டு, மாற்றத்தை உறுதிசெய்யும் கமிட் கட்டளையைக் கொடுக்காமல், கணினியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்.

போஸ்ட்கிரெஸில் ஒரு பதிவைத் திருத்தினால் பழைய வடிவம் உடனே அழியாது. புதிய வடிவம் பக்கத்தில் எழுதப்படும். பழையது யாருக்கும் தேவைப்படாது என்று உறுதியான பின்பே, வேக்யூம் என்னும் துப்புரவுப் பணி அந்த இடத்தை மீட்கும். முடியாமல் நின்ற அந்த ஒரு பரிவர்த்தனையின் பொருட்டு, வார இறுதி முழுவதும் நடந்த இலட்சக்கணக்கான திருத்தங்களின் பழைய வடிவங்களைத் துப்புரவுப் பணியால் தொட முடியவில்லை. இணைப்பைத் துண்டித்தோம், வீக்கம் நின்றது. உதவியவர் அதோடு விடவில்லை. இவ்வாறு சும்மா நிற்கும் பரிவர்த்தனையைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் தானாகத் துண்டிக்கும் அமைப்பு 9.6ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது என்றும், அதை ஏன் நாங்கள் வைக்கவில்லை என்றும் கேட்டார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை, அன்றே வைத்தோம்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அவர் நிரலைத் திறக்கவே இல்லை. நானும் திறக்கவில்லை. பதிப்பு எண், அட்டவணையின் அளவு, எப்போதிலிருந்து மாற்றம், நான் ஏற்கெனவே செய்து பார்த்தவை ஆகியவற்றை முதல் மடலிலேயே எழுதியிருந்ததால்தான் அவ்வளவு விரைவாக விடை கிடைத்தது. “டேட்டாபேஸ் மெதுவாக இருக்கிறது, உதவவும்” என்று ஒரு வரியில் கேட்பவர்களுக்கு விடை வருவதில்லை என்றால், குழு இரக்கமற்றது என்று பொருளில்லை. விடை தருபவர்களும் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்குபவர்களே. நள்ளிரவில் கட்டாயம் ஒருவர் பதில் சொல்ல வேண்டிய சர்வர் என்றால், அதற்குரிய ஆதரவு ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்துப் பெற்றுக்கொள்ளுங்கள். தன்னார்வலரின் தூக்கத்தை நம்பி மருத்துவமனையையோ வங்கியையோ நடத்தக் கூடாது.

சி மொழி தெரியாதது பெரிய குறையும் இல்லை. கூர்ந்து கவனிப்பதுதான் இந்தச் சமூகம் மதிக்கும் முதல் தகுதி. 2024 மார்ச் மாதத்தில், போஸ்ட்கிரெஸ் நிரலாளரான ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸின் வேகத்தை அளப்பதற்காகத் தம் கணினியில் பிற வேலைகளைக் குறைத்துக்கொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைவது வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவது அவர் கண்ணில் பட்டது. அதை விடாமல் துருவிப் போனவர், எக்ஸ்இஸட் என்ற சுருக்கு மென்பொருளின் புதிய பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு வைத்திருந்த கள்ள வாசலைக் கண்டுபிடித்து, மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். அரை நொடியைப் பொருட்படுத்தாமல் அவர் விட்டிருந்தால், அந்த வாசல் எண்ணற்ற லினக்ஸ் சர்வர்களுக்குள் போயிருக்கும்.

கேள்வி: நாள்தோறும் பேக்கப் எடுக்கிறோம். இதற்கு மேல் வேறு பாதுகாப்பு வேண்டுமா?

பதில்: அந்தப் பேக்கப்பிலிருந்து தரவுத்தளத்தைக் கடைசியாக என்றைக்கு மீட்டுப் பார்த்தீர்கள்? இதற்கு ஒரு தேதியைச் சொல்ல முடியாவிட்டால், உங்களிடம் பேக்கப் இருக்கிறதா என்பது இன்னும் உறுதியாகவில்லை.

நிரலாளர்களின் மூலநிரலைச் சேமித்துப் பகிரும் சேவையை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை அவர்களே ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். நகல் சர்வர் ஒன்றைச் சீர்செய்ய இரவு நெடுநேரம் போராடிய பொறியாளர், நகல் என்று எண்ணி முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறையை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடிகளில் தவற்றை உணர்ந்து நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியிருந்தது. பேக்கப்பைத் தேடினால் சேமிப்பிடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பில் இருக்க, பேக்கப் எடுக்கும் கருவி 9.2ஆம் பதிப்பில் ஓடி, ஒவ்வொரு நாளும் பிழை தந்து நின்றிருக்கிறது. அந்தப் பிழையை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ, அனுப்புநர் சரிபார்ப்பில் தோற்று, யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. அன்று வேறொரு வேலைக்காக அதே பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. தனி ஒருவர் மீது பழியைப் போடாமல், நடந்ததை வரிசையாக எழுதியதோடு, மீட்புப் பணியை நேரலையாகவும் காட்டினார்கள். அந்த நேர்மையால் பயன் பெற்ற தரவுத்தள நிர்வாகிகள் பலர். நானும் அவர்களில் ஒருவன்.

மாதம் ஒருமுறையாவது பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டு, முக்கிய அட்டவணைகளின் பதிவு எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். மீட்க எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் குறித்து வையுங்கள்; சர்வர் நின்றுபோன நாளில் மேலதிகாரி முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: எங்கள் போஸ்ட்கிரெஸ் 11ஆம் பதிப்பில் ஓடுகிறது. ஒரு குறையும் இல்லை. ஓடுகிற ஒன்றை எதற்காகத் தொட வேண்டும்?

பதில்: போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகள் திருத்தங்கள் வெளியிடப்படும். 11ஆம் பதிப்பு 2018 அக்டோபரில் வந்தது. 2023 நவம்பரோடு அதன் காலம் முடிந்துவிட்டது. அதற்குப் பின் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்புக் குறைகள் எவையும் உங்கள் சர்வரில் அடைக்கப்படவில்லை. குறை இல்லை என்று உங்களுக்குத் தோன்றுவது, அதைப் பற்றி உங்களுக்கு யாரும் அறிவிக்காததால் இருக்கலாம்.

ஒவ்வொரு பதிப்பாக ஏறிச் செல்ல வேண்டியதில்லை; 11இலிருந்து நேராக 17க்கோ 18க்கோ தாவலாம். இடைப்பட்ட ஒவ்வொரு பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பிலும், பழையவற்றோடு பொருந்தாத மாற்றங்கள் தனிப் பகுதியாகத் தரப்பட்டிருக்கும். அவற்றை மட்டுமாவது வரி விடாமல் படித்துவிடுங்கள். கூடுதல் வசதி தரும் நீட்சிகள் எவற்றையேனும் சேர்த்திருந்தால், அவை புதிய பதிப்புக்குக் கிடைக்கின்றனவா என்று முன்கூட்டியே பாருங்கள். மேம்படுத்தும் வேலை தடைபடுவது பெரும்பாலும் அங்கேதான். தரவுகளின் பிரதி ஒன்றில் ஒத்திகை பார்த்து, முடிந்ததும் வினவல் திட்டமிடலுக்கான புள்ளிவிவரங்களைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். மறந்தால் வினவல்கள் மெதுவாகி, புதிய பதிப்பின் மீது பழி விழலாம். அதன் பின்பு, ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரும் சிறு திருத்தப் பதிப்புகளுக்குத் தரவுகளை இடம் மாற்றும் தேவை இல்லை. புதிய நிரலை நிறுவி, சர்வரை ஒருமுறை நிறுத்தி இயக்கினால் போதும். அதற்கு ஆகும் சில நிமிடங்களை இரவில் எந்த நாள் ஒதுக்குவது என்பதை மட்டும் உங்கள் கணக்குப் பிரிவினரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.